கோடியக்கரைக் காட்டில் இரண்டு சூரியன்: ஓர் ஓவியத்தின் நிகழ்வு ஆய்வு

மூன்றடிக்கு நாலடி கேன்வாஸ், எண்ணெய் வண்ணம். கோடியக்கரைக் காட்டுக்குள் தென்மேற்காகப் போகும் ஒரு மணல் தடம், இரண்டு பக்கமும் பாலை மரங்கள், முன்னால் ஒரு முறிந்த மரத்தின் அடிக்கட்டை, தடத்தின் நடுவில் ஒரு வெளிமான். வரைந்தவர் வேதாரண்யம் பக்கத்து மாணவி. கும்பகோணத்தில் என்னிடம் நிலக்காட்சி ஓவியம் படிக்கிறார். திருத்துறைப்பூண்டியில் அவருடைய தாய்மாமா கட்டியிருக்கும் புது வீட்டின் கூடத்துக்காக வரைந்த படம் இது.

"மரம் மரமாத்தான் இருக்கு சார், இலையெல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா காடு மாதிரி இல்ல, நர்சரித் தோட்டம் மாதிரி இருக்குன்னு அப்பா சொல்றாங்க" என்றார் மாணவி. அவருடைய அப்பா ஓவியம் படித்தவர் இல்லை. ஆனால் கோடிக்காட்டு வழியாக வருடக்கணக்காகப் போய்வருகிறவர். அப்படிப்பட்டவர் கண்ணுக்கு உறுத்துகிறது என்றால் படத்தில் ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு படத்தை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், காட்டை வரையும் நம் பிள்ளைகள் பலரிடம் இதே சிக்கலைப் பார்க்கிறேன். இங்கே அது தெளிவாக, ஒன்றன்மேல் ஒன்றாக அகப்பட்டது. சரிசெய்த விதமும் கண்ணால் பார்க்கும்படி இருந்தது.

படம் வந்தபோது

கைத்திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலை மரத்தின் பட்டை வெடிப்பு, நுனியில் லேசாகப் பள்ளம் விழுந்த அந்தத் தடித்த இலை, கீழே முள்ளோடு நிற்கும் காரைப் புதரும் சங்கஞ்செடியும், எல்லாமே பார்த்து வரைந்தவை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையைக் கடந்தபோது முறிந்த மரங்களில் ஒன்றின் கட்டையைக்கூட விடவில்லை.

ஆனால் வெளிச்சம் எங்கும் சிதறிக் கிடந்தது. தடம் முழுக்க வட்ட வட்டமாக வெண்மஞ்சள் பொட்டுகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே கூர்மையான விளிம்பு. மரத்துக்கு மரம் இலைக்கொத்தின் நடுவில் மஞ்சள்பச்சைப் பளபளப்பு. நிழல் இருக்கும் இடத்தில் கறுப்பு கலந்த பச்சை. எங்கே பார்ப்பது என்று கண் அலைந்தது. பத்து இடத்தில் வெளிச்சம் இருந்தால் எந்த இடத்திலும் வெயில் இருக்காது.

முதலில் செய்தது எளிய சோதனை. படத்தைக் கைப்பேசியில் பிடித்து நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தோம். வெள்ளையை 1 என்றும் ஆகக் கருமையை 9 என்றும் வைத்துக்கொண்டால், வெயில் படும் இடங்கள் 1 முதல் 4 வரைக்கும், நிழல் இடங்கள் 5 முதல் 9 வரைக்கும் நிற்க வேண்டும். ஒரு எல்லையை வைத்துக்கொண்டு, வெயிலில் இருக்கும் மிக இருண்ட பொருளும் நிழலில் இருக்கும் மிக வெளுத்த பொருளும் அந்த எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், வெயில் தானாக வந்துவிடும். இந்தப் படத்தில் நிழலுக்குள் 3 இருந்தது. வெயிலுக்குள் 6 இருந்தது. இரண்டு குடும்பமும் கலந்து கிடந்தன.

அடுத்தது நூல். கட்டையின் நிழல் தடத்தின் குறுக்கே, நம் பார்வைக்கு இடமிருந்து வலமாக விழுந்திருந்தது. குறுக்கே விழும் நிழல் என்பதால் கட்டையின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் நூல் வைத்தே ஒப்பிடலாம். நிழல் உயரத்தைப்போல் மூன்று மடங்கு வந்தது. அப்படியானால் சூரியன் அடிவானத்திலிருந்து 19 டிகிரி வாக்கில் நிற்கிறது. கோடியக்கரையில் தை மாதக் காலை எட்டு மணிக்கு ஏறக்குறைய அந்த உயரம்தான்.

சரி, அப்போது தரையில் கிடக்கும் வெயில் பொட்டுகள் எப்படி வட்டமாக இருக்கும்?

பொட்டு எதைச் சொல்கிறது

மரத்தடியில் கிடக்கும் வெயில் பொட்டுகள் இலை இடுக்கின் உருவத்தைத் தரையில் காட்டுகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவை சூரியனின் உருவங்கள். இலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஓட்டை, அது முக்கோணமாக இருந்தாலும் கோணல்மாணலாக இருந்தாலும், ஊசித்துளைக் கேமராவின் வேலையைச் செய்கிறது. 2019 டிசம்பர் 26 காலையில் வளைய சூரிய கிரகணம் நடந்தபோது மரத்தடிப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக மாறியதைப் பார்த்தவர்கள் டெல்டாவில் நிறையப் பேர் இருப்பார்கள்.

சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம் தெரிகிறது. அதனால் ஓட்டைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் சுமார் 110இல் ஒரு பங்குதான் பொட்டின் அகலம். தலைக்கு நேர் மேலே சூரியன், ஓட்டை ஐந்து மீட்டர் உயரத்தில் என்றால், பொட்டு நாலரை சென்டிமீட்டர். சின்ன வட்டம், ஓரளவு தெளிவான விளிம்பு. அதே ஓட்டை வழியாகக் காலை எட்டு மணி வெயில் சாய்ந்து வந்தால் பயணம் செய்யும் தூரம் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆகிவிடும். பொட்டின் அகலம் 14 சென்டிமீட்டர். சாய்வாக விழுவதால் தரையில் அது மூன்று மடங்கு நீண்டு 40 சென்டிமீட்டரைத் தாண்டும். ஓட்டை அதே ஓட்டைதான், உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவும் அதேதான். அதைப் பெரிய இடத்தில் பரப்பினால் மங்கும். காலைப் பொட்டு பெரியது, நீண்டது, விளிம்பு கரைந்தது, வெளிச்சம் குறைந்தது.

இதற்கு மேல் நாம் அதை எங்கிருந்து பார்க்கிறோம் என்பதும் சேர்கிறது. நின்றுகொண்டு ஐந்து மீட்டர் தள்ளித் தரையைப் பார்க்கும்போது அகலம் சுருங்கிவிடும். கடைசியில் கண்ணுக்குத் தெரிவது வட்டமும் இல்லை, முட்டை வடிவமும் இல்லை. படுக்கையாகக் கிடக்கும் ஒரு மெல்லிய கீற்று. தூரிகையைப் படுக்க வைத்து ஒரே இழுப்பில் வைக்க வேண்டிய கீற்று.

மாணவியிடம் எந்தப் படங்களைப் பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டபோது விஷயம் விளங்கியது. கைப்பேசியில் எடுத்த இரண்டு புகைப்படங்கள். ஒன்று காலையில் தடத்தைப் பார்த்து எடுத்தது. இன்னொன்று உச்சி வேளையில் கைப்பேசியைக் கீழே சாய்த்துத் தரையை மட்டும் எடுத்தது, "அந்தப் பொட்டு அழகா இருந்துச்சு சார்" என்று. மரமும் கட்டையும் அதன் நிழலும் காலை எட்டு மணியில் இருந்தன. தரை பகல் பன்னிரண்டு மணியில் இருந்தது. ஒரே படத்தில் இரண்டு சூரியன்.

அப்பாவின் கண் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கக் காட்டு நிழலைப் பார்த்த கண் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பார்ப்பவருக்கு இது தெரியவா போகிறது என்று விட்டுவிடுகிற ஓவியர்களுக்கு இந்த அப்பாவைத்தான் காட்டுவேன்.

மற்ற காரணங்கள்

இரண்டு சூரியன் மட்டும் என்றால் தரையை மாற்றினால் போதும். கூடவே மூன்று விஷயங்கள் சேர்ந்திருந்தன.

கைப்பேசி முதலாவது. இன்றைய கைப்பேசிகள் பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களை ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, வெளுத்த இடத்தை அடக்கித் தருகின்றன. முகம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. காட்டுக்கு அது கேடு. நிழலுக்குள் 3 வந்ததும் வெயிலுக்குள் 6 வந்ததும் அங்கிருந்துதான். நேரடி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கிற நேரத்தில், அடர்ந்த மரத்தடியில் அதில் ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். ஓவியரின் கையிலோ டைட்டானியம் ஒயிட்டுக்கும் ஆகக் கறுத்த வண்ணத்துக்கும் இடையில் இருபது, இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்தான் உண்டு. நூறு மடங்கை இருபது மடங்குக்குள் அடக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பதுதான் ஓவியரின் வேலையே. அந்தத் தீர்மானத்தைக் கைப்பேசி முன்கூட்டியே தன் விருப்பப்படி எடுத்துவிட்டது.

இரண்டாவது, இணையத்தில் பார்த்த காட்டு ஓவியப் பாடங்கள். அவை பெரும்பாலும் குளிர்நாட்டுக் காடுகள். மெல்லிய இலை, தாழ்ந்த சூரியன், இலைக்குள் புகுந்து வரும் மஞ்சள்பச்சை வெளிச்சம். ருஷ்யாவில் காட்டை வரைவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட இவான் ஷிஷ்கின் (1832–1898) பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்தவர். அங்கே கோடையின் உச்சத்தில், நடுப்பகலில் சூரியன் ஏறும் உயரம் 53 டிகிரி சொச்சம். கோடியக்கரையில் மார்கழி மாதத்து நடுப்பகலிலேயே 56 டிகிரி. அவர்களுடைய கோடை உச்சி வெயில் நம்முடைய மார்கழி உச்சி வெயிலைவிடத் தாழ்ந்தது! சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் கோடியக்கரையில் பகல் பன்னிரண்டே கால் வாக்கில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அடிமரத்தின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். அவர்களிடம் கற்க வேண்டியது ஏராளம், ஆனால் அவர்களுடைய வெயிலை அப்படியே கொண்டுவந்து பாலை மரத்தின் மேல் போட முடியாது. பாலை இலை தடித்தது, தோல் மாதிரி. வெளிச்சத்தை ஊடுருவ விடுவது குறைவு. மேல்பக்கம் பளபளப்பு, அதனால் வானத்தைப் பிரதிபலித்துச் சாம்பல் கலந்த நீலவெள்ளையாக மின்னும். மஞ்சள்பச்சையாக ஒளிர்வது அதன்மேல் படர்ந்திருக்கும் மெல்லிய கொடியின் இலைதான். மாணவி எல்லா மரத்தையும் அந்த மஞ்சள்பச்சையில் ஒளிர வைத்திருந்தார்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. இந்த மாணவி முதலில் படித்தது தஞ்சாவூர் ஓவியம். அந்த மரபில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வராது. முகமோ கையோ, நடுவில் வெளுத்து விளிம்பை நோக்கிக் கருத்துக்கொண்டே போகும். உருண்டை வந்துவிடும், ஆனால் தரையில் நிழல் விழாது. விழ வேண்டியதும் இல்லை. பூஜை அறையில் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும் படம். தங்கத் தகடே அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தந்துவிடும். அந்தக் காரியத்துக்கு அதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஆனால் அதே கை காட்டுக்குள் வந்தபோது ஒவ்வொரு புதரையும் ஒரு கிருஷ்ணர் முகம்போல நடுவில் வெளுத்து, ஓரத்தில் கருக்க வைத்து உருட்டிவிட்டது. இருபது புதர் என்றால் இருபது நடுக்கள், இருபது வெளிச்சங்கள். நர்சரித் தோட்டம் என்று அப்பா சொன்னது இதைத்தான். ஒவ்வொரு செடியும் தனித்தனியாக நின்றது.

காட்டுக்குத் திரும்பிப் போனது

வண்ணத்தில் கை வைக்கும் முன்னால் காட்டைப் பார்த்து வர வேண்டும் என்று முடிவு செய்தோம். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில், அனுமதிக்கும் பாதையில்தான் போக முடியும். தை மாதம் என்பது நல்லதாகப் போயிற்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று தெளிந்திருக்கும், காலை வெயில் சாய்ந்திருக்கும்.

எடுத்துப்போனது ஆறுக்கு எட்டு அங்குலத் தடித்த அட்டைகள், போஸ்டர் கலர், ஒரு வெள்ளை அட்டை, நடுவில் துளை போட்ட ஒரு சாம்பல் அட்டை. அவ்வளவுதான்.

முதலில் அவரை வரைய விடவில்லை. ஒரு வெயில் பொட்டின் ஓரத்தில் மணலில் ஒரு குச்சியை நடச் சொன்னேன். அப்புறம் அந்தப் பொட்டின் நிறத்தைக் கலக்கச் சொன்னேன். அவர் வெள்ளையில் எல்லோ ஆக்கர் தொட்டு, கொஞ்சம் சிவப்புச் சேர்த்து, சரிபார்க்க நிமிர்ந்தபோது பொட்டு குச்சியை விட்டு நகர்ந்திருந்தது. சூரியன் தன் அகல அளவுக்கு நகர இரண்டே நிமிடம்தான் எடுத்துக்கொள்கிறது. பொட்டு சூரியனின் உருவம் என்பதால் அதுவும் இரண்டு நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். பொட்டைப் பொட்டாகப் பார்த்துப் பிரதி எடுக்க யாராலும் முடியாது. அவை எந்த இடத்தில் கூடுகின்றன, எங்கே அடர்கின்றன, எங்கே இல்லவே இல்லை என்ற அமைப்பைத்தான் எடுக்க முடியும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. குச்சி புரியவைத்தது.

அடுத்தது வெள்ளை அட்டை. நிழல் என்ன நிறம் என்று கேட்டால் எல்லோரும் கறுப்பு என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள் நீலம் என்பார்கள். அட்டையை மூன்று இடத்தில் வைத்துச் சாம்பல் அட்டையின் துளை வழியாகப் பார்த்தோம். நேர்வெயிலில் அது இளமஞ்சள் கலந்த வெள்ளை. கஜாவில் மரங்கள் விழுந்து வானம் திறந்துபோன இடத்தில், ஒற்றை மரத்தின் நிழலில் வைத்தால் தெளிவான நீலச்சாம்பல். அங்கே அட்டைக்கு வெளிச்சம் கொடுப்பது வானம் மட்டும்தான். மரங்கள் நெருக்கமாக மூடியிருக்கும் உள்பக்கத்தில் வைத்தால் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு மந்தமான சாம்பல். அங்கே வானம் இல்லை, இலையிலும் சருகிலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான். தடத்தின் மணல் வெளுத்தது என்பதால் தடத்தை ஒட்டிய மரங்களின் அடிப்பகுதிக்குக் கீழிருந்து ஒரு வெதுவெதுப்பான வெளிச்சம் ஏறியது. கிளையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடச் சூடான நிறத்தில் இருந்ததை மாணவியே கண்டுபிடித்துச் சொன்னார். "கீழ இருந்து லைட் அடிக்கிற மாதிரி இருக்கு சார்." அதேதான் மா.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வாய்க்காலுக்குள் படகில் போகிறவர்கள் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். அங்கே தரைக்குப் பதில் தண்ணீர். நிழலில் இருக்கும் கிளைகளின் அடியில் நீரொளி அசைந்துகொண்டே இருக்கும். அது வேறு பாடம், வேறு படம்.

விளிம்பையும் பார்த்தோம். நிழல் போடும் பொருள் தரைக்கு ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால் நிழலின் ஓரம் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கரைந்திருக்கும். தூரம் கூடக்கூட அதே விகிதத்தில் கரைவும் கூடும். கட்டையின் நிழல் கட்டையை ஒட்டிய இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது, நுனியில் நெகிழ்ந்தது. மரத்தின் உச்சிக் கிளை போடும் நிழலுக்கோ ஓரம் என்று ஒன்றையே காட்ட முடியவில்லை. படத்திலோ பொட்டுகளைப்போலவே எல்லா நிழலும் ஒரே கூர்மையில் இருந்தது.

அப்புறம்தான் வரைந்தார். ஒவ்வொரு அட்டைக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் கூடாது என்பது ஏற்பாடு. அதற்கு மேல் போனால் சூரியன் ஐந்து டிகிரி நகர்ந்திருக்கும், படத்துக்குள் இன்னொரு மணி நுழைந்துவிடும். கண்ணை இடுக்கிப் பார்த்து மூன்று டோன் மட்டும் வைக்க வேண்டும்: வெயில், திறந்த நிழல், ஆழ்ந்த நிழல். முதல் அட்டைகளில் இலை இலையாகப் போட்டார். போகப்போக இலை மறைந்து உருவங்கள் வந்தன. மரமும் புதரும் அவற்றின் நிழலும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இருண்ட வடிவமாக நின்ற அட்டைதான் கடைசியில் பெரிய படத்துக்கு வழிகாட்டியது. அதில் ஒரு இலைகூடக் கிடையாது. தள்ளி வைத்துப் பார்த்தால் கோடியக்கரை.

திருத்தம்

புதுக் கேன்வாஸ் எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. பழையதையே திருத்துவோம் என்று மாணவி சொன்னார். மரங்களின் வரைவு நன்றாக இருந்ததால் எனக்கும் அது சரி என்று பட்டது.

எத்தனை மணி என்பதை முதலில் முடிவு செய்தோம். காலை எட்டு, தை மாதம். அதைப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்த வரியிடம்தான் கேட்க வேண்டும். காலை என்று முடிவானதற்குக் கூடமும் ஒரு காரணம். மாமா வீட்டுக் கூடத்தில் படம் மாட்டும் சுவருக்கு இடப்பக்கம் ஜன்னல். படத்துக்குள்ளும் வெயில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. அறைக்குள் வரும் வெளிச்சமும் படத்துக்குள் இருக்கும் வெளிச்சமும் ஒரே பக்கம் என்றால் படம் சுவரில் எளிதாக உட்காரும்.

தரையில் புடைத்து நின்ற பொட்டுகளை பேலட் நைஃபால் சுரண்டி, மிச்சத்தை நீர் எமரித் தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். உலர்வாகத் தேய்க்கக் கூடாது. அவர் காட்மியம் மஞ்சள் பயன்படுத்தியிருந்தார், அந்தத் தூள் மூச்சுக்குள் போகவே கூடாத ஒன்று. நன்றாகத் துடைத்து உலரவிட்டபின் புது அடுக்கு. அடியில் ஏற்கெனவே எண்ணெய் ஏறிய வண்ணம் இருப்பதால், மேலே வெறும் டர்பென்டைனில் கரைத்த தண்ணி வண்ணம் போட்டால் பிடிக்காது, பின்னால் வெடிக்கும். கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் சேர்த்தே கலந்தோம்.

நிழலைத்தான் முதலில் வைத்தார். கறுப்புக் குழாயைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டோம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்ந்தால் கறுப்பை நெருங்கும் ஆழமான ஓர் இருட்டு கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிரும், சியன்னாவைக் கூட்டினால் சுடும், அதனால் அந்த இருட்டு உயிரோடு இருக்கும். உள்காட்டுக்கு அதிலேயே சாப் கிரீன் கொஞ்சம். திறந்த இடத்து மணல் நிழலுக்கு அதிலேயே வெள்ளை சேர்த்த சாம்பல். அந்தச் சாம்பலை மாணவி முதலில் நல்ல நீலமாகக் கலந்தார்; காட்டில் அட்டையில் பார்த்தது மனதில் இருந்தது. ஆனால் கேன்வாஸில் அதை மஞ்சள் மணலுக்குப் பக்கத்தில் வைத்ததும் ஊதாவாகக் கத்தியது. பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் எழுதிவைத்த விதிதான் இது: பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளும். சூடான வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வெறும் சாம்பலே நீலமாகத் தெரியும். நீலத்தைப் பாதியாகக் குறைத்தார், நிழல் தரையில் படிந்தது.

இருண்ட பகுதிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கைகோத்தன. இடப்பக்க மரங்கள், புதர்கள், தடத்தின் குறுக்கே விழுந்த நிழல், வலப்பக்கப் புதர்களின் அடி, எல்லாம் ஒரே தொடர் வடிவம். அழகாக வரைந்திருந்த இலைகளில் பாதி இந்த வேலையில் மூழ்கிப்போயின. மாணவிக்கு மனசே இல்லை. "இவ்ளோ நாள் உட்கார்ந்து போட்டது சார்." ஓரத்தில் வெயிலைத் தொடும் இலைகளை மட்டும் விடுங்கள் மா, மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே போட்டுக்கொள்ளும் என்றேன். அப்படித்தான் ஆயிற்று. விளிம்பில் இருபது முப்பது இலை இருந்தால் உள்ளே ஆயிரம் இலை இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம்.

வெயில் கடைசியில்தான். கெட்டியான டைட்டானியம் ஒயிட் ஒரே ஒரு இடத்தில் மட்டும்: தடம் வளையும் இடத்துக்கு அப்பால், காடு முடிந்து புல்வெளி திறக்கிற மூலையில். முன்தரையின் கீற்றுகள் அதைவிட ஒரு படி மங்கல், படுக்கையாக இழுத்தவை, ஓரம் விரலால் நெகிழ்த்தியவை. தடத்தின் நடுவில் கூட்டமாக, ஓரங்களில் ஒன்றிரண்டாக. மரங்களின் மேலிருந்த மஞ்சள்பச்சையில் பெரும்பகுதி போய், இலைமேல் சாம்பல்நீல மினுக்கு வந்தது. மஞ்சள்பச்சை ஒரே ஒரு கொடிக்கு மட்டும் மிஞ்சியது. அது இப்போது உண்மையாகவே ஒளிர்கிறது.

மான் விஷயத்தில் ஒரு சின்ன இழுபறி. மாமாவுக்கு மான் வேண்டும். ஆனால் வெளிமான் புல்வெளியில் மேய்கிற உயிர், தடித்த மரநிழலின் நடுவே வந்து நிற்காது. உள்காட்டில் பார்க்கக்கூடியது புள்ளிமான். மானை எடுத்துவிடாமல் தடத்தின் கடைசியில், அந்த வெளிச்ச மூலைக்கு நகர்த்தினோம். கட்டைவிரல் உயரம்தான் இருக்கிறது இப்போது. ஆனால் கண் நேராக அங்கேதான் போகிறது. முன்பு பெரிதாக நடுவில் நின்றபோது யாரும் அதைப் பார்க்கவில்லை.

பலன்

திருத்திய படத்தை மறுபடி கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தோம். நிழலில் இருந்த 3 போய்விட்டது. வெயில் பகுதியில் 4ஐவிடக் கருமையாக எதுவும் இல்லை. ஓர் இடம் மட்டும் இன்னும் தொந்தரவு செய்கிறது: இடது கீழ் மூலையில் சங்கஞ்செடி. மாணவிக்கு அதன் முள்மேல் ஒரு பிடிப்பு, அதை மூழ்கடிக்க விடவில்லை. நிழலுக்குள் அது கொஞ்சம் கூடுதலாகத் தெளிவாக இருக்கிறது. அதை அவர் முடிவுக்கே விட்டேன், படம் அவருடையது.

அப்பா வந்து பார்த்தார். எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. "காலைல போனா இப்படித்தான் இருக்கும்" என்றார். மாணவி அவரிடம் மணி என்னவென்று சொல்லியிருக்கவில்லை.

மாமாவுக்குத்தான் கொஞ்சம் தயக்கம், "கூடத்துக்கு இருட்டா இருக்குமே" என்று. மாட்டிப் பார்த்தபோது முதல் நாள் இரவு உண்மையிலேயே பச்சையெல்லாம் செத்துத் தெரிந்தது. காரணம் படம் இல்லை, கூடத்திலிருந்த 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு. நீலம் தூக்கலான அந்த வெளிச்சத்தில் சூடான நிறங்கள் எல்லாம் அடங்கிப்போகும். படத்துக்கு நேரே மட்டும் 4000 கெல்வின் விளக்கு ஒன்றைப் போட்டபின் மணல் மஞ்சள் திரும்பி வந்தது. காட்டுப் படம் வாங்குகிறவர்கள், வரைந்து கொடுக்கிறவர்கள் எல்லோரும் விளக்கைப் பற்றியும் பேசிவிட வேண்டும். பாதி வேலை அங்கே கெடுகிறது.

திருத்துறைப்பூண்டிக்கும் கடற்காற்று வரும், மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறும். அதனால் கேன்வாஸின் பின்பக்கம் மெல்லிய பலகை அடைத்து, சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி நிற்கும்படி மூலைகளில் கார்க் துண்டு வைத்திருக்கிறோம். எண்ணெய் வண்ணம் உள்ளுக்குள் உலர ஆறு மாதமாவது வேண்டும் என்பதால் வார்னிஷ் ஆவணிக்கு மேல்தான். அதுவரை தூசி தட்ட உலர்ந்த மென்தூரிகை மட்டும், ஈரத்துணி படவே கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார் மாணவி.